அச்சிட்ட சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கலாமா?

"இன்னும் ரெண்டு வருஷத்திலை கிட்னியையே அச்சடிச்சுத் தருவினமாம். பிறகேன் டொக்டர் பிள்ளையை வெட்டுவான்?" சிறுநீரகம் பழுதடைந்து வரும் நம்மவர் சிலரிடமிருந்து இப்படியான பேச்சை அடிக்கடி கேட்கிறோம்.

முப்பரிமாண அச்சு வெறுங்கதையல்ல. ஸ்கான் படத்தைக் கணினியில் ஏற்றி, பிளாஸ்ரிக் போன்ற பொருளை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு உறுப்பின் உருவத்தைச் செய்யலாம். 2015 பெப்ரவரியில் ஹூஸ்ரனிலுள்ள ரெக்சாஸ் சிறுவர் மருத்துவமனையில், மார்பிலிருந்து இடுப்புவரை ஒட்டிப் பிறந்த இரு பெண் குழந்தைகளைப் பிரித்தார்கள். அதற்கு முன்பே கதிர்ப்பட மருத்துவர் ராஜேஷ் கிருஷ்ணமூர்த்தியின் குழுவினர் அவர்களின் எலும்பு, இதயம், ஈரல் ஆகியவற்றை அச்சிட்டுக் கொடுத்திருந்தனர். உள்ளே ஓடும் குருதிக் குழாய்கள் தெரியும்படி ஈரலை ஒளி ஊடுருவும் பொருளில் செய்திருந்தார்கள். எங்கே வெட்டுவது என்பதை மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டே முடிவு செய்ய முடிந்தது. சத்திரசிகிச்சை ஒரு நாளுக்கு மேல் நீடித்தது. இரு குழந்தைகளும் பிழைத்தன.

ஆனால் அது பார்த்துப் பழகுவதற்கான மாதிரி. உடலுக்குள் வேலை செய்யும் சிறுநீரகம் வேறு விடயம். 2011இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக மருத்துவர் அந்தனி அற்றாலா அச்சிட்ட சிறுநீரக உருவொன்றை மேடையில் ஏந்திக் காட்டினார். உருவம் இருந்தது, செயல் இல்லை. ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மயிரிழையிலும் மெல்லிய குருதிக் குழாய்கள் வேண்டும். இரண்டு வருடத்தில் முடியும் என்று சொல்பவரை நாம் நம்பமாட்டோம்.

காத்திருப்பது நமக்குக் கூடுதல் ஆபத்து. தெற்காசியரிடையே பி வகைக் குருதி அதிகம். அமெரிக்காவில் அந்த வகையினர் இறந்தவரின் சிறுநீரகத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். உயிரோடிருப்பவர் கொடுப்பது பொதுவாக நீண்டகாலம் உழைக்கும். குருதிவகை பொருந்தாவிட்டாலும் இன்னொரு குடும்பத்துடன் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. கொடுப்பவரின் பரிசோதனை, சத்திரசிகிச்சைச் செலவைப் பெரும்பாலும் பெறுபவரின் காப்புறுதியே ஏற்கும். நீரிழிவு நம் வீடுகளில் மலிந்திருப்பதால் எல்லாப் பிள்ளைகளும் தேறமாட்டார்கள் என்பதும் உண்மை. அதை மாற்றுச் சிகிச்சை நிலையத்தார் சோதித்துச் சொல்லட்டும்; தகப்பனோ தாயோ முன்கூட்டியே "வேண்டாம்" என்று மறிக்கத் தேவையில்லை.

சிறுநீரகச் செயற்பாட்டு அளவு 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், டயலிசிஸ் தொடங்காமலே காத்திருப்போர் பட்டியலில் பதியலாம். அடுத்த முறை இரத்தப் பரிசோதனை முடிவு வரும்போது அந்த எண்ணை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.