கண்ணுக்கும் பயிற்சி

விளையாட்டுக்கு உடற்பலம் மட்டும் போதாது. பந்தின் போக்கைக் கணத்தில் அறியும் கண்ணும் வேண்டும். மாறி மாறித் தெளிந்தும் இருண்டும் காட்டும் மூக்குக்கண்ணாடியை அணிந்து பழகுவோர், விட்டுவிட்டுக் கண்டதைக்கொண்டே பந்தின் வழியை ஊகிக்கக் கற்கின்றனர். 2013இல் வெளியான அமெரிக்க டியூக் சர்வகலாசாலை ஆராய்ச்சியில், இவ்வாறு பழகிய ஐஸ் ஹாக்கி வீரர்களின் திறமை 18 சதவிகிதம் உயர்ந்ததாம். ஆனால் சோதனைக்கு உட்பட்டோர் மொத்தம் 11 பேரே!

இச்சிறு சாட்சியத்தை நம்பித் தண்டலம் போன்ற ஊர்களின் பள்ளிகள் பொருளைச் செலவிடுவது விவேகமன்று என்போம். மினுக்கொளியால் வலிப்புக் காணும் பிள்ளைகளுக்கு அபாயமும் உண்டு. கரும்பலகையே தெரியாத பிள்ளை பந்தை எங்ஙனம் காண்பான்? தொழிற்சாலைகள் சூழ்ந்த இவ்வூருக்கு முதலில் வேண்டுவன ஆடுகளமும் ஆண்டுதோறும் கண் பரிசோதனையுமே. சர்க்காரும் ஆலை முதலாளிகளும் இவ்விரண்டையும் அளிப்பார்களாக. மாயக் கண்ணாடி பிறகு வரட்டும்.