லாக்டவுன்ல நாய்க்குட்டி வாங்கியாச்சா? இந்தக் கணக்கைப் போட்டுடுங்க



டேர்ம் இன்ஷூரன்ஸ் வீடியோவுக்குக் கீழே ஒருத்தர் கேட்டிருந்தார்: "சார், பசங்க கேட்டாங்கன்னு லாக்டவுன்ல ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினோம். வீட்ல இதுதான் முதல் நாய். மாசம் எவ்வளவு ஒதுக்கி வைக்கணும்?"

நல்ல கேள்வி. பணக் கணக்கும் கீழே போடுறேன். ஆனா என் கருத்துல, முதல் முறையா நாய் வளர்க்கிறவங்களுக்குப் பணம் இரண்டாவது பிரச்சனைதான். முதல் பிரச்சனை நேரம்.

2020 மார்ச்சுக்கு அப்புறம் நம்மில் நிறைய பேருக்கு வீட்ல இருக்கிற நேரம் திடீர்னு கூடிச்சு. அது ஒரு போனஸ், சம்பளம் கிடையாது. ஒரு வருஷம் வந்த போனஸை நம்பி 12 வருஷத்துக்கு ஈ.எம்.ஐ. போடாதீங்கன்னு நான் எத்தனை வீடியோல சொல்லியிருப்பேன்? நாய்க்குட்டியும் அப்படி ஒரு ஈ.எம்.ஐ. தான். 10 முதல் 13 வருஷம் ஓடும். நடுவுல ஃபோர்குளோஸ் பண்ண முடியாது.

முதல்ல நேர பட்ஜெட்

காலையில அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் நடை. சாப்பாடு வைக்க, பாத்திரம் கழுவ அரை மணி. விளையாட்டு, முடி சீவறது, உண்ணி பார்க்கறது, சுத்தம் பண்றது எல்லாம் சேர்த்து இன்னொரு அரை மணி. ஒரு நாளைக்கு 2 மணி நேரம். வருஷத்துக்கு 730 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளா மாத்திப் பாருங்க, 91 நாள் வருது. அதாவது வருஷத்துல மூணு மாசம்!

இந்த 91 நாளை வீட்ல யார் யார் கொடுக்கப் போறாங்க? "எல்லாரும் பார்த்துப்போம்"னு சொன்னா அது பட்ஜெட் இல்லை. பல வீட்ல அந்த வேலை கடைசியில அம்மா தலையிலதான் விழும். அவங்க ஏற்கெனவே ஓவர்டைம் பார்த்துட்டுதான் இருக்காங்க. அதனால பேர் போட்டு எழுதுங்க. காலை நடை யாரு, ராத்திரி சாப்பாடு யாரு, ஞாயித்துக்கிழமை குளிப்பாட்டறது யாரு.

எழுதும்போது லாக்டவுன் டைம்டேபிளை வைக்காதீங்க. ஆபீஸ், ஸ்கூல், டியூஷன், டிராஃபிக் எல்லாம் இருக்கிற டைம்டேபிளை வைங்க. காலை 8:30க்குக் கிளம்பி ராத்திரி 7:30க்குத் திரும்பினா, வீடு 11 மணி நேரம் பூட்டியிருக்கும். மூணு மாசக் குட்டியால ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்கு மேல சிறுநீரை அடக்க முடியாது. சாப்பாடும் ஒரு நாளைக்கு மூணு, நாலு தடவை வேணும். அந்த 11 மணி நேரத்துக்கு நடுவுல யாராவது வீட்டுக்கு வரணும். அது யாருன்னு பேர் எழுத முடியலைன்னா, அந்த வீடு இன்னும் நாய்க்குத் தயாராகலை.

தள்ளிப்போட்டா வட்டி ஏறும்

மொரட்டோரியம் ஞாபகம் இருக்கா? 2020 மார்ச் 27 அன்னிக்கு ஆர்.பி.ஐ. மூணு மாச ஈ.எம்.ஐ.யைத் தள்ளிப்போடலாம்னு சொன்னாங்க. அப்புறம் ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டினாங்க. தவணை நின்னுச்சு, வட்டி நிக்கலை. நாய்க்குட்டி விஷயத்துலயும் அதேதான்.

முதலாவது, தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்துல முதல் ஊசி. அதுக்கப்புறம் மூணு, நாலு வார இடைவெளியில பூஸ்டர்கள். மூணு மாச வயசுல ரேபீஸ் ஊசி. அதைத் தொடர்ந்து டாக்டர் சொல்ற தேதியில அடுத்தது. "அப்புறம் போட்டுக்கலாம்"னு விட்டு, நடுவுல பார்வோ வைரஸ் வந்துட்டா, நாள்கணக்குல டிரிப்ஸ் ஏத்த வேண்டியிருக்கும். பணம் போறது ஒரு பக்கம், குட்டி பிழைக்கிறதே சந்தேகம். ஊசிச் செலவு அதுக்குப் பக்கத்துலகூட வராது. கால்நடை மருத்துவம் லாக்டவுன்லயும் அத்தியாவசிய சேவையாத்தான் இருந்தது. போன் பண்ணி நேரம் வாங்கிட்டுப் போங்க.

இரண்டாவது, பழக்கம். குட்டிகள் உலகத்தைப் பயமில்லாம தெரிஞ்சுக்கிற காலம் பிறந்து மூணாவது வாரத்துல ஆரம்பிச்சு, சுமார் 14 வாரத்தோட முடிஞ்சுடும். அந்தக் காலத்துல வீட்டு ஆளுங்க நாலு பேரை மட்டுமே பார்த்து வளர்ந்த குட்டிக்கு கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர், ஆட்டோ சத்தம், ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், இன்னொரு நாய் எல்லாமே பயம். பயந்த நாய் குலைக்கும், சில சமயம் கடிக்கும். தடுப்பூசி முடியாததால தரையில விட பயமா இருந்தா, தூக்கிட்டுப் போய் வாசல்ல நில்லுங்க. மொட்டை மாடியிலிருந்து தெருவைக் காட்டுங்க. மாஸ்க் போட்ட முகமும் பழகணும், மாஸ்க் இல்லாத முகமும் பழகணும்.

மூணாவது, தனிமை. இதைத்தான் லாக்டவுன் குட்டிகள் கத்துக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து வீடு நிறைய ஆள். திடீர்னு ஒரு திங்கட்கிழமை எல்லாரும் கிளம்பிட்டா அது கதவைப் பிராண்டும், நாள் முழுக்க ஊளையிடும். தள்ளிப்போடாதீங்க. இன்னைக்கே ஆரம்பிங்க. முதல்ல 5 நிமிஷம் வேற ரூம்ல இருங்க. அப்புறம் 10 நிமிஷம் வெளியே போயிட்டு வாங்க. அப்படியே அரை மணி, ஒரு மணி, மூணு மணி. கிளம்பும்போதும் திரும்பும்போதும் பெரிசா கொஞ்சிக்கிட்டு நிக்க வேண்டாம். எஸ்.ஐ.பி. மாதிரி, சின்னத் தொகையா, தினமும்.

2 கோடி வரைக்கும் இருந்த கடன்களுக்கு, மொரட்டோரியம் காலத்து வட்டிக்கு வட்டியை அரசாங்கம் திருப்பிக் கொடுத்தாங்க. குட்டி விஷயத்துல அப்படி ஒரு ஸ்கீம் கிடையாது.

இப்போ பணம்

சாப்பாடு, ஊசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, டாக்டர் எல்லாம் சராசரியா மாசம் 4,000 ரூபாய்னு வச்சுப்போம். நாட்டு நாய்க்கு, வீட்டுச் சாப்பாட்டுக்கு இதைவிடக் குறையும். பெரிய இனத்துக்குக் கூடும். வருஷத்துக்கு 48,000. விலைவாசி 6% ஏறினா, 12 வருஷத்துல மொத்தம் சுமார் 8.1 லட்சம். குட்டியை வாங்கின விலை இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

வரி பத்தி ரெண்டு விஷயம். கால்நடை மருத்துவமனை சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கு. பாக்கெட்ல வர்ற நாய் உணவுக்கு 18% உண்டு. அப்புறம், நாய் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை 80டி-ல காட்ட முடியுமான்னு கேட்கறீங்க. முடியாது. குடும்பத்துல ஒருத்தர்னு நீங்க சொல்லலாம், வருமான வரிச் சட்டம் ஒத்துக்காது. பாலிசி எடுக்கிறதா இருந்தா வயசு வரம்பு, காத்திருப்புக் காலம், எந்த நோய் கவர் ஆகாதுங்கறதைப் படிச்சுட்டு எடுங்க. எடுத்தாலும் எடுக்கலைன்னாலும், எமர்ஜென்சி ஃபண்டுல நாய் பேர்ல 25,000 தனியா வைங்க.

நாய்க்கு ஒரு நாமினி

2021 மே மாசம் குடும்பம் மொத்தமும் பாசிட்டிவ் ஆன வீடுகளைப் பார்த்தோம். அப்பா ஆக்ஸிஜன் பெட்ல, அம்மா வேற வார்டுல, பசங்க சித்தி வீட்ல. அந்த வீட்ல நாய் இருந்தா அதுக்கு யார் தண்ணி வைப்பாங்க?

பாலிசில நாமினி பேர் எழுதினா போதும். நாய் விஷயத்துல அந்த நாமினிக்கு நாயும் சம்மதிக்கணும்! எங்க வீட்டு நாட்டு நாய் மணிக்கு எதிர் வீட்டு அண்ணன்தான் நாமினி. வாரத்துல ஒரு நாள் அவர்தான் நடைக்குக் கூட்டிட்டுப் போறார். அவர்கிட்ட ஒரு சாவி, தடுப்பூசி கார்டு போட்டோ, டாக்டர் நம்பர், எவ்வளவு சாப்பாடுங்கற குறிப்பு, ஒரு கவர்ல 5,000 ரூபாய் கொடுத்து வச்சிருக்கோம். நீங்களும் இந்த வாரமே ஒருத்தரைப் பேசி வைங்க.

"அப்போ லாக்டவுன்ல வாங்கினது தப்பா சார்?"

இல்லை. ஆன்லைன் கிளாஸ்ல அடைஞ்சு கிடந்த பசங்களுக்கும், தனியா இருந்த பெரியவங்களுக்கும் அந்தக் குட்டி செஞ்சதுக்கு விலை போட முடியாது. குட்டியைப் பழக்கவும் வீட்ல ஆள் இருந்தது வசதிதான். ஆனா அந்தக் கணக்கோட மறுபக்கமும் நம்ம பேர்லதான் இருக்கு.

எனக்குக் கவலை தர்றது வேற. "ஆபீஸ் போகணும், யாராவது எடுத்துக்கறீங்களா"ன்னு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வர ஆரம்பிச்சுது. கேட்டுக் கொடுக்கறவங்களாவது பரவாயில்லை, ராத்திரியில எங்கேயோ இறக்கி விட்டுட்டு வர்றவங்களும் இருக்காங்க. வளர்த்த நாயைப் பட்டினி கிடக்கிற மாதிரி கைவிடறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய் வரைக்கும். 8 லட்சம் ரூபாய் பொறுப்பைக் கழட்டி விட 50 ரூபாய்! சட்டம் நம்மைத் தடுக்காது. நம்ம பட்ஜெட்தான் தடுக்கணும்.

இன்னும் வாங்கலையா?  ஆபீஸ் போற நாள்லயும் அந்த 2 மணி நேரம் மிச்சம் இருந்தா வாங்குங்க, முடிஞ்சா தத்தெடுங்க. ஏற்கெனவே வீட்ல குட்டி இருக்கா? இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர்ல மூணு காலம் போடுங்க: வேலை, யார், எத்தனை மணி. காலியா நிக்கிற கட்டம் எதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அதை எப்படி நிரப்பலாம்னு அடுத்த லைவ்ல பேசுவோம்.