பூஜ்யச் சீட்டுக்கும் ஸ்டேஜ் உண்டு

‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பர் 22 அன்று புழக்கத்துக்கு வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு. இதில் இந்த இதழின் நிலை என்ன என்று டிப்போ மேலாளர்கள் முதல் போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கும் மாணவர்கள் வரை கேட்டுவிட்டார்கள். ஆதரிக்கிறோம். 2010இல் சட்டம் இயற்றப்பட்டு, 2022 நவம்பரில்தான் முதல் கூட்டம் கூடிய சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திடமிருந்து (கும்டா) பயணியின் கைக்கு வந்து சேர்ந்த பொருள் இது. போக்குவரத்துத் துறையின் கீழ் ஒன்று, சிறப்பு முயற்சிகள் துறையின் கீழ் ஒன்று, ரயில்வே அமைச்சகத்தின் கீழ் ஒன்று என ஆளுக்கொரு திசையில் நிற்கும் மூன்று அமைப்புகளை ஒரே சீட்டுக்குப் பதில் சொல்ல வைப்பது லேசான வேலை அல்ல. அதைச் செய்தவர்களுக்குப் பாராட்டு.

ஒரே சீட்டு வந்திருக்கிறது, ஒரே கட்டணம் வரவில்லை. செயலி மூன்று கட்டணங்களையும் கூட்டிக் காட்டுகிறது. வண்டி மாறும் ஒவ்வொரு முறையும் பயணி குறைந்தபட்சக் கட்டணத்தைப் புதிதாகக் கொடுக்கிறார். சிங்கப்பூர் இதை 2010 ஜூலையிலேயே விட்டுவிட்டது. அங்கே பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினாலும் மொத்தத் தொலைவுக்கு ஒரே கணக்குதான். வருவாய்ப் பங்கீட்டுச் சிக்கல்கள் தீரும்போது இங்கும் அது வரும், வரவேண்டும். இன்று நம்மை உறுத்துவது வேறு.

செயலியால் கிடைக்கும் தரவு பற்றித்தான் எங்கும் பேச்சு. யார் எங்கே ஏறி, எங்கே வண்டி மாறி, எங்கே இறங்குகிறார் என்பது முதன்முறையாக ஒரே திரையில் தெரியப்போகிறது. அடுத்த படி என்ன என்று இத்துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: தட மறுசீரமைப்பு. இரண்டாம் கட்ட மெட்ரோவின் 118.9 கிலோமீட்டரும் திறந்து முடியும்போது, ஆற்காடு சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் அதற்கு இணையாக ஓடும் பேருந்துகளை வெட்டி ஃபீடர் ஆக்கினால் கிலோமீட்டர் மிச்சம், டீசல் மிச்சம், மிச்சமாகும் வண்டிகளை வண்டியே போகாத ஊருக்கு விடலாம். இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவர்கள் நாம்தான். பாடம் சரியானதே. ஆனால் எந்தத் தரவை வைத்து வெட்டுவது?

வெள்ளைப் பலகைப் பேருந்தில் ஏறும் பெண்ணுக்கு இந்தச் செயலி தேவையே இல்லை. 2021 மே 8 முதல் அவருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம்; அதுதான் ‘விடியல் பயணம்’ திட்டம். கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் பூஜ்யச் சீட்டு போதும். அவர் எத்தனை பேரில் ஒருவர் என்பது டிப்போவில் தெரியும். அரசின் ஈட்டுத்தொகை அந்த எண்ணிக்கையை வைத்துத்தானே வருகிறது? எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பது உறுதியாகத் தெரியாது.  சீட்டுக் கருவியில் ஸ்டேஜைப் பதிய வழி உண்டு; சரியாகப் பதியப்படும் என்பதற்கு உறுதி இல்லை. ஐந்து ரூபாய்ச் சீட்டைப் பத்து ரூபாய் ஸ்டேஜுக்குக் கொடுத்தால் செக்கிங்கில் கண்டக்டர் மாட்டிக்கொள்வார். பூஜ்யத்தை எந்த ஸ்டேஜில் அடித்தாலும் பூஜ்யம்தான். காலை எட்டு மணி நெரிசலில் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும்போது எந்தக் கண்டக்டர் அதைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்? அவரைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் இரண்டு வண்டி மாறி வேலைக்குப் போகும் பெண் நம் பதிவேட்டில் இரண்டு பூஜ்யங்கள். அவை ஒரே பயணம் என்று எங்குமே எழுதப்படுவதில்லை.

பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள். அங்கிருந்து மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நேர்ப் பேருந்து இருந்தால் செலவு பூஜ்யம். மாதவரம்–சிறுசேரி மெட்ரோ ஓடத் தொடங்கியதும் அந்தப் பேருந்து சோழிங்கநல்லூரோடு கட் சர்வீஸ் ஆனால் என்ன நடக்கும்? ஃபீடர் வரை பூஜ்யம். அதற்கு மேல் மெட்ரோ. இன்றைய கட்டண அடுக்கில் 12 கிலோமீட்டரைத் தாண்டி 21க்குள் வரும் தொலைவுக்கு 40 ரூபாய். போகவர 80. மாதம் 25 நாளுக்கு 2,000. அட்டைக்கும் கியூஆருக்கும் உள்ள 20 விழுக்காடு தள்ளுபடியைக் கழித்தாலும் 1,600. விடியல் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. ஒரு கையால் 888 கொடுத்து மறுகையால் 1,600 வாங்குவதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு என்றால், அந்தச் சொல்லை நாம் கைவிட்டுவிடலாம்.

இது நடந்தே தீரும் என்று சொல்லவில்லை. தடுக்க இன்று விதி எதுவும் இல்லை என்கிறோம். 2025–26 நிதிநிலை அறிக்கை விடியல் பயணத்துக்கு ஒதுக்கியது 3,600 கோடி ரூபாய். அந்தப் பணம் போக்குவரத்துக் கழகங்களுக்குப் போகிறது. மானியம் பேருந்தோடு ஒட்டியிருக்கிறது, பெண்ணோடு அல்ல. பேருந்து அவரைச் சோழிங்கநல்லூரில் இறக்கிவிட்டால் மானியமும் அங்கேயே இறங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதை எழுந்து நின்று கேட்டேன். மேடையில் இருந்த அதிகாரி, “கட்டணமில்லாப் பயணிக்குக் கட்டண ஒருங்கிணைப்பில் என்ன வேலை?” என்றார். அரங்கில் சிரித்தார்கள். பிறகு வந்த கூட்டக் குறிப்பில் என் கேள்வி இல்லை. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. கட்டணம் கொடுக்காதவர் பயணியே அல்ல என்ற நினைப்பு அதற்குள் இருந்தது.

ஒருங்கிணைப்பு என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு பயணியை மறப்பது நமக்குப் புதிதல்ல. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). அது இருக்கும் துறையின் கீழ்தான் கும்டாவும் இருக்கிறது. முனையத்துக்கு எதிரே ஜி.எஸ்.டி. சாலைக்கு அப்பால் தண்டவாளம் ஓடியது, நிலையம் இல்லை. மூட்டையும் குழந்தையுமாக வந்தவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி மறுபடி பேருந்து பிடித்தார்கள். அன்று ஏதோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் ‘பயணி எப்படியும் வந்துவிடுவார்’ என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆகவே நம் நிலை இது. செயலி வரட்டும், வளரட்டும். அதன் தரவை மட்டும் வைத்து ஒரு நடையைக்கூட வெட்டக் கூடாது. வெட்டுவதற்கு முன் அந்தத் தடத்தின் பூஜ்யச் சீட்டுகளை ஸ்டேஜ் வாரியாக எண்ணி வெளியிட வேண்டும். வெட்டிய இடத்தில், ஃபீடரில் வந்த பெண் மெட்ரோ வாயிலிலும் பூஜ்யத்தோடே நுழைய வேண்டும். அதற்கான ஈட்டை விடியல் பயணத் தலைப்பிலிருந்தே மெட்ரோ நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். கும்டாவின் தலைவர் முதலமைச்சர். துறைகளுக்கு இடையே கோப்பு நகரவில்லை என்ற காரணம் இங்கே செல்லாது.

இதழைப் படிக்கும் டிப்போ அலுவலர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மெட்ரோவுக்கு இணையாக ஓடும் உங்கள் தடம் எதையாவது எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு வாரம், பூஜ்யச் சீட்டுகளைச் சரியான ஸ்டேஜில் அடித்துக் கொடுங்கள். அதன் தொகுப்பு பொதுவில் வரட்டும். பெயரோ டிப்போவோ வேண்டாம், தட எண் போதும். எங்களுக்கு அனுப்பினால் இந்தப் பக்கங்களில் அச்சிடுகிறோம்.