யாருக்கு வேண்டும் டைட்டானியக் கன்னம்?

போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு, அவரவர் மண்டையோட்டு அளவுக்கே டைட்டானியத்தில் எலும்பு செய்து பொருத்துகிறார்கள். உக்ரைன் போர்ச் செய்திகளோடு அந்தப் படங்களும் நம் கைபேசிக்கு வந்துவிட்டன. அவற்றைப் பார்த்ததும் இங்கே வழக்கமாக எழும் பேச்சு இது: “அதெல்லாம் பணக்கார நாட்டுப் பட்டாளத்துக்கு. நமக்கு ரெடிமேட் பிளேட் போதும். உயிர் பிழைத்ததே பெரிசு, முகம் என்ன முகம்?” கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இதற்கு ஒரு வாலும் உண்டு: “அவ்வளவு தேவையென்றால் ஒரு மெஷினை வாங்கிப் போட்டு இங்கேயே அடித்துத் தள்ளலாமே.” இதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

முகம் அழகுக்குத்தான் என்பதிலிருந்து தொடங்கலாம். கண்ணைத் தாங்கும் குழியின் அடித்தளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத எலும்பு. அது நொறுங்கினால் குழி பெரிதாகி, கண் உள்ளே இறங்கிவிடும். குழியின் கொள்ளளவு ஒரு மில்லிலிட்டர் கூடினால் கண் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கும் என்பது அறுவை மருத்துவர்களின் தோராயக் கணக்கு. இரண்டு கண்ணும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அவர் கிரேன் ஓட்ட முடியாது, லேத்தில் நிற்க முடியாது, படியிறங்கவே தடுமாறுவார். தாடை போனவரால் மெல்ல முடியாது. எச்சில் வழிவது நிற்காது, பேச்சு குழறும். நாக்கைப் பிடித்து நிறுத்தும் முன்தாடை இல்லாவிட்டால், மல்லாந்து படுக்கையில் மூச்சே அடைபடலாம். இவற்றையா அழகு என்று ஒதுக்குவது?

அதற்காக, நாலு பேர் பார்க்கும்படியான முகம் வேண்டும் என்று கேட்பதும் தவறல்ல. முதல் உலகப் போரில் முகம் இழந்தவர்களுக்கென்றே 1917இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். அறுவை மருத்துவர் ஹெரால்ட் கில்லீஸும் அவருடைய குழுவும் அங்கே 5,000 பேருக்கு மேல் சிகிச்சை செய்தார்கள். ஊருக்குள் போகும் வழியில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவரின் முகம் கோரமாக இருக்கலாம், பார்த்து அதிர வேண்டாம் என்று ஊராருக்கு முன்கூட்டியே சொல்லும் அடையாளம் அது. நாட்டுக்காகக் காயம்பட்டவனுக்குத் தனி பெஞ்சு! அந்த பெஞ்சில் உட்காராமல் ஊருக்குள் நடக்க ஒருவன் ஆசைப்பட்டால், அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரெடிமேட் பிளேட் போதும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. தாடை ஒரே கோடாக உடைந்து, எலும்பு முழுசாக இருந்தால் கடையில் கிடைக்கும் பிளேட்டும் நாலைந்து ஸ்க்ரூவும் தாராளம். குண்டுக் காயம் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அங்கே எலும்பே இல்லாமல் போகிறது. இரண்டு முனைகள் மிஞ்சும், நடுவே பல சென்டிமீட்டர் வெறுமை. நீளமான பிளேட்டை எடுத்து, நோயாளி மயக்கத்தில் கிடக்கும்போதே, குறடால் கண்ணளவாக வளைத்து, வைத்துப் பார்த்து, நிமிர்த்தி, மறுபடி வளைக்கிறார் மருத்துவர். வளைத்து நிமிர்த்திய இடத்தில் உலோகம் களைத்துப்போகும் என்பது சிப்காட்டில் கம்பி வளைக்கிற எவருக்கும் தெரியும். ஒவ்வொரு வேளை மெல்லும்போதும் அந்த இடத்தில்தான் பாரம் விழுகிறது. சில மாதங்களிலோ வருடங்களிலோ அங்கேயே விரிசல் விடும், மறுபடி அறுவை. தனி அளவு இம்பிளான்ட்டில் இந்த வளைப்பே கிடையாது. சி.டி. ஸ்கேனில் நல்ல பக்கத்து எலும்பின் பிம்பத்தைக் கணினியில் மறுபக்கம் திருப்பிப் போட்டு வடிவம் எடுக்கிறார்கள். நரம்பையும் பல் வேரையும் தொடாமல், எலும்பு கனமாக இருக்கும் இடம் பார்த்து ஸ்க்ரூ துளைகளை முன்னமே குறிக்கிறார்கள்.

அடுத்து, “பணக்கார நாட்டுச் சமாச்சாரம்.” 1792இல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி பிடிபட்டு, மூக்கறுபட்டார். புனே பக்கத்தில் குயவர் மரபைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு நெற்றித் தோலால் மூக்கு செய்தார். அது 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் வெளியானது. அந்தக் குறிப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. முதலில் மெழுகில் ஒரு மூக்கு செய்து அவர் முகத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, ஓரம் வரைந்து, அந்தக் கோட்டின்படி தோலை எடுக்கிறார்கள். ஆளுக்கேற்ற அளவு என்கிற யோசனை அதிலேயே முழுசாக இருக்கிறது. அந்த முறையைத்தான் 1814இல் ஜோசப் கார்ப்யூ லண்டனில் செய்து பார்த்தார். இன்றைக்கும் கதை வெளியூரில் இல்லை. கறுப்புப் பூஞ்சையில் முக எலும்பை இழந்தவர்களுக்கு உலோக முப்பரிமாண அச்சில் இம்பிளான்ட் செய்து, வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகத் தரும் ‘ரைட் டு ஃபேஸ்’ முயற்சியை 2023இல் சென்னை ஐஐடி, ஜோரியாக்ஸ் லேப்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அறிவித்தது.

இது பட்டாளத்துக்கு மட்டும் என்பதும் நிற்காது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களின் முதல் ஆண்டுகளில் அமெரிக்கப் படையினர் பட்ட காயங்களில் 30 விழுக்காடு தலை, முகம், கழுத்தில். வியட்நாமில் இது 16. மார்புக் கவசம் உயிரைக் காத்தது, முகம் திறந்தே இருந்தது. ஆனால் காவஸ்ஜி சிப்பாய் அல்ல, வண்டிக்காரர். ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான், ஈழத்துச் செல்லடிக்குத் தப்பி வந்த குடும்பங்கள் கும்மிடிப்பூண்டி முகாமில் தலைமுறை கடந்தும் வாழ்கின்றன. செல் துண்டு யாரிடமும் ராணுவ அடையாள அட்டை கேட்பதில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் லாரியில் மோதும் ஷிப்ட் தொழிலாளிக்கும், புகையிலையால் வாய்ப்புற்று வந்து தாடையை எடுத்தவருக்கும் வேண்டியது இதே வேலைதான்.

கடைசியாக அந்த வால். மெஷின் வாங்கினால் முகம் வராது. டைட்டானியத் தூள், 15 முதல் 45 மைக்ரான் பருமன். ஆர்கான் வாயு நிரம்பிய பெட்டிக்குள் லேசர் அதை அடுக்கடுக்காக உருக்குகிறது. சூட்டில் டைட்டானியம் ஆக்சிஜனை ஆவலாக உறிஞ்சும், உறிஞ்சினால் நொறுங்கும் தன்மை வரும். உடம்புக்குள் வைக்கும் தரத்தில் ஆக்சிஜன் 0.13 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இரும்புத் தூசி பறக்கும் உருக்காலைக் கொட்டகைக்கு அடுத்து இதை வைக்க முடியாது. அச்சிட்ட பிறகும் சூடேற்றி இறுக்கம் தணிக்க வேண்டும், ஒட்டிய தூளைக் கழுவி நீக்க வேண்டும், கிருமி நீக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் அது ஒரு உலோகத் துண்டுதான். போர்க் காயத்தில் மண்ணும் துணிக் கிழிசலும் கிருமியும் சேர்ந்தே நுழைகின்றன. பலமுறை கழுவி, வாரக்கணக்கில் பொறுத்து, காலிலிருந்து எலும்பையும் தசையையும் ரத்தக் குழாயோடு கொண்டுவந்து நுண்ணோக்கியில் தைக்க வேண்டும். நல்ல சதை மூடாத இம்பிளான்ட் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தீயில் வெந்த ஓர் இளம் விமானிக்கு 1918இல் முகத்தோலை ஒரேயடியாக மாற்றப்போய், அவர் இறந்துபோனார். படிப்படியாகத்தான் செய்ய வேண்டும் என்பதை கில்லீஸ் அந்தச் சாவில் கற்றார். மெஷினோடு சேர்த்து வாங்க முடியாத பொறுமை அது.

கும்மிடிப்பூண்டியால் ஆகக்கூடியது வேறொன்று உண்டு. 2022இல் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வடசென்னையின் ஸ்டான்லிக்கோ வரும் நோயாளியின் ஸ்கேனை வைத்து, தாடையின் மாதிரியைப் பிளாஸ்டிக்கில் அச்சிடலாம். டூல்ரூம் வேலை தெரிந்த கைகளுக்கு அது கஷ்டமே இல்லை, டைட்டானியமும் தேவையில்லை. அறுவைக்கு முந்தைய நாள் மருத்துவர் அந்த மாதிரியின் மேல் அதே ரெடிமேட் பிளேட்டை அவசரமில்லாமல் ஒரே தடவையில் சரியாக வளைத்து, கிருமி நீக்கி எடுத்துப்போகலாம்.