மிளகு பயறான ஊரில் 3-4 ஏப்ரல் ஆன கதை

குண்டடம் வடுகநாத சுவாமி கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். பொய் சொன்ன வியாபாரியின் மிளகு மூட்டைகள் பயறு மூட்டைகளாக மாறிவிட்டன என்று அங்கே சொல்வார்கள். அந்தப் பக்கத்துத் தையல் யூனிட்களில் இன்றைக்கும் அப்படி ஒரு மாயம் நடக்கிறது. இதற்குப் பொய்கூடச் சொல்ல வேண்டாம், சரியாக டைப் அடித்தாலே போதும்.

குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3-4 வயது, 5-6 வயது, 7-8 வயது என்று சைஸ் போகும். பேக்கிங் லிஸ்ட் போடும் பெண் எக்செல்லில் 3-4 என்று அடித்து என்டர் தட்டுகிறார். கட்டத்தில் 'ஏப்ரல் 3' என்று வந்து உட்காருகிறது. 5-6 அடித்தால் ஜூன், 7-8 அடித்தால் ஆகஸ்ட். 13-14 மட்டும் தப்பித்துக்கொள்ளும். வருஷத்துக்குப் 14 மாதம் இல்லையே! பதறிப்போய் அந்தக் கட்டத்தை 'நம்பர்' என்று மாற்றினால் இன்னும் மோசம். நாற்பதாயிரத்துக்கு மேல் ஏதோ ஒரு எண் வருகிறது. 1900 ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ணிய நாள் கணக்கு அது.

பார்கோடு இன்னொரு தலைவலி. உள்நாட்டு பிராண்டுகளின் 13 இலக்க எண் பெரும்பாலும் 890 என்று தொடங்கும். கட்டம் குறுகலாக இருந்தால் எக்செல் அதை 8.90ஈ+12 என்று சுருக்கிவிடும். அந்த நிலையிலேயே சி.எஸ்.வி. ஃபைலாக சேவ் செய்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். பெட்டியில் தப்பான ஸ்டிக்கர் ஒட்டினால் பையரிடமிருந்து டெபிட் வரும். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு எக்ஸ்போர்ட்டர் தலையில் விழும். அவர் அதை யார் தலையில் இறக்கி வைப்பார் என்று ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தத் தொல்லை டெய்லருக்கு மட்டுமல்ல, விஞ்ஞானிக்கும் உண்டு. மனித மரபணுக்களின் பெயர்களில் 'மார்ச்1', 'செப்ட்1' என்றெல்லாம் இருந்தன. எக்செல் அவற்றையும் தேதியாக்கியது. எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. கடைசியில் விட்டுக்கொடுத்தது யார் தெரியுமா? மரபணுதான். 2020-ல் பெயர் சூட்டும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது. எக்செல்லில் இந்த வேலையை நிறுத்திவைக்கும் வசதி எல்லோருக்கும் வந்தது 2023 அக்டோபரில்!

ஆப்பரேட்டிங் சிஸ்டம் கதையும் இதே ரகம்தான். 2018 அக்டோபர் 2-ம் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. போட்டவர்களில் சிலருக்கு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைல்கள் காணாமல் போயின. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்தியது, நவம்பர் 13-ல்தான் திரும்ப விட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் வெள்ளோட்டம் பார்த்த ஆர்வலர்கள் சிலர் மாதக்கணக்கில் முன்பே இதே குறையை எழுதிப்போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான புகார்களுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படவில்லை.

ஆப்பிளும் விதிவிலக்கில்லை. 2017-ல் ஐஃபோன் கால்குலேட்டரில் 1+2+3 என்று வேகமாகத் தட்டினால் விடை 24 என்று வந்தது. அடுத்த பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்து மெசேஜில் வந்தால் ஆப் படுத்துக்கொண்டது. 'ஞானம்' என்று தெலுங்கில் எழுதும்போது வரும் முதல் கூட்டெழுத்து அது! அவசரமாகத் திருத்தம் வந்தது. அந்த வருஷத்து ஐ.ஓ.எஸ். 12-ல் பழைய போன்களையும் வேகமாக ஓட வைப்பதே முக்கிய வேலை என்று ஆப்பிள் இறங்கி வந்தது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதெல்லாம் விநோதமாகத்தான் இருக்கும். இங்கே 3,000 பீஸ் லாட் என்றால், ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் பையரின் க்யூ.சி. 125 பீஸை உருவிப் பார்ப்பார். குறையுள்ளவை 7 வரை பாஸ், 8 வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். திரும்பப் பிரி, திரும்பச் செக் பண்ணு, திரும்ப மடி. நூறு ரூபாய் பனியனுக்கு இத்தனை கெடுபிடி. பல ஆயிரம் ரூபாய் விண்டோசுக்கு?

அங்கேயும் செக்கிங் ஆட்கள் இருந்தார்கள். சாஃப்ட்வேர் சி.டி.யில் வந்த காலத்தில் அச்சடித்து அனுப்பிய பிறகு திருத்துவது பெரும் செலவு என்பதால் சோதனைக்கென்றே பெரிய படை வைத்திருந்தார்கள். இன்டர்நெட் வந்ததும் 'முதலில் அனுப்பு, அப்புறம் திருத்து' என்றாகிவிட்டது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் பெரிய ஆள்குறைப்பு செய்தபோது சோதனைப் பிரிவிலும் பலர் போனார்கள். அதே வருஷம் பொதுமக்களே வெள்ளோட்டம் பார்க்கும் திட்டம் தொடங்கியது. அதாவது, செக்கிங் டேபிளைக் கொண்டுபோய் வாடிக்கையாளர் வீட்டுத் திண்ணையில் போட்டாயிற்று.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் புகுந்து எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்கள் தானாக அணைந்து அணைந்து எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அதனால் 'அப்டேட்டே வேண்டாம்' என்று இருப்பதும் ஆபத்து. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. அதற்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்யாதவர்களின் கம்ப்யூட்டர் இப்போது பூட்டில்லாத குடோன்தான்.

ஷிப்மென்ட் வாரத்தில் மட்டும் செட்டிங்ஸில் போய் அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். ஐந்து வாரம் வரை அனுமதி உண்டு. லோடு ஏறியதும் முக்கிய ஃபைல்களை பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டு அப்டேட்டைப் போடுங்கள். எக்செல்லில் சைஸ் காலத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு டைப் அடியுங்கள். ஒன்றிரண்டு கட்டம்தான் என்றால், 3-4-க்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டாலே போதும், ஏப்ரல் வராது.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டெஸ்க்டாப்பில் ஒரு புது ஃபோல்டர் திறந்து அதற்கு ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்ற மூன்றெழுத்தைப் பெயராக வைத்துப் பாருங்கள். வைக்கவிடாது. 1980-களின் டாஸ் காலத்தில் கீபோர்டுக்கும் திரைக்கும் ஒதுக்கிய பெயர் அது. இன்னும் காலி செய்யவில்லை.