'அவனா நீ?' - தன்பாலீர்ப்பு என்றதும் ஆண்களுக்கு ஏன் கூடுதல் சங்கடம்?

"அவனா நீ?"

தமிழ்ப் பட நகைச்சுவையிலிருந்து வாட்ஸ்அப் குழுக்கள்வரை வந்துவிட்ட கேள்வி. இளஞ்சிவப்புச் சட்டை போட்டால் கேட்பாங்க. நண்பனின் தோளில் கொஞ்சம் அதிக நேரம் கை போட்டாலும் கேட்பாங்க.

கேட்பவர் பெரும்பாலும் ஆண். கேட்கப்படுபவரும் ஆண். அது ஏன்?

சட்டம் போய்விட்டது, சங்கடம்?

ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு, 1938இல் பிரிட்டிஷ் ஆட்சியின்போது சிங்கப்பூருக்கு வந்தது. பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2022 நவம்பர் 29ஆம் தேதி அதை நீக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 2023 ஜனவரி 3ஆம் தேதி நீக்கம் நடப்புக்கு வந்தது.

மக்கள் மனமும் மெல்ல மாறியது. ஐப்சோஸ் நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வில் 55 விழுக்காட்டினர் அந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள். 2022இல் அது 44 விழுக்காடாகக் குறைந்தது.

சமயம், குடும்ப நெறி என்று எதிர்ப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் இரு பாலாருக்கும் பொது. ஆனால் அமெரிக்க உளவியலாளர் கிரெகரி ஹெரெக் 1980களிலேயே ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். தன்பாலீர்ப்பு, அதாவது தம் பாலினத்தவர்மீதே வரும் ஈர்ப்பு குறித்து, பெண்களைவிட ஆண்களிடம் எதிர்ப்பு அதிகம். குறிப்பாக, அத்தகைய ஈர்ப்புள்ள ஆண்கள்மீது அது இன்னும் அதிகம்.

"நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

2008இல் ஜோசப் வாண்டெல்லோ, ஜெனிஃபர் போசன் உள்ளிட்ட உளவியலாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். பல சமூகங்களில் ஆண்மை என்பது உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய தகுதி. எளிதில் பறிபோகவும் கூடும். அதனால் திரும்பத் திரும்ப நிரூபிக்கணும்.

மற்றொரு சோதனையில் சில ஆண்களை முடி பின்னச் சொன்னார்கள். வேறு சிலரைக் கயிறு பின்னச் சொன்னார்கள். பிறகு, புதிர் போடலாம் அல்லது குத்துச்சண்டைப் பையைக் குத்தலாம் என்றார்கள். முடி பின்னியவர்களே குத்துவதை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள்.

ராப் வில்லர் குழுவின் 2013ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நேரடியானது. "உங்கள் பதில்கள் பெண்தன்மையோடு இருக்கின்றன" என்று சொல்லப்பட்ட ஆண்களிடம், தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிரான கருத்து கூடியது. பெண்களை "ஆண்தன்மை" என்று சொன்னபோது அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆக, "அவனா நீ?" என்று கேட்பவர் பல நேரம் சொல்ல வருவது, "நான் அவன் இல்லப்பா!" என்பதைத்தான். அதுவும் சுற்றியிருக்கும் மற்ற ஆண்களிடம்.

இதன் விலை என்ன?

எல்லா ஆண்களும் இதற்கு விலை கொடுக்கிறார்கள். அழக்கூடாது, நண்பனைக் கட்டிப்பிடிக்கக்கூடாது, "மனசு சரியில்லடா" என்று சொல்லக்கூடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆண் நண்பர்கள் கைகோத்து நடப்பது இன்றும் சாதாரணம். எது 'ஆம்பளைத்தனம்' என்பது ஊருக்கு ஊர் மாறும், நாம் கற்றுக்கொள்ளும் ஒன்று என்பதற்கு அதுவே சாட்சி.

எது மாற்றும்?

பழக்கம். வேறுபட்டவர்கள் நேரில் பழகினால் வெறுப்பு குறையும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னார். 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த 2006ஆம் ஆண்டு அலசல் அதை உறுதிசெய்தது. தன்பாலீர்ப்பாளர்களுடன் பழகும்போது அந்த மாற்றம் குறிப்பாக அதிகம்.

இங்கேதான் சிக்கல். பழக வேண்டுமென்றால் ஒருவர் தன்னைப் பற்றி வெளியே சொல்லணும். தினமும் கிண்டல் ஓடும் குழுவில் யார் சொல்வார்? அங்கே சிரிக்கும் ஐந்து பேரில் ஒருவர், மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று சிரிப்பவராகவும் இருக்கலாம்.

அவருக்குப் பெரிய ஆதரவு உரை தேவையில்லை. குழுவில் ஒருவர், "விடுடா, இதுல என்ன இருக்கு?" என்றாலே போதும், யாரிடம் பேசலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.