தலைமையாசிரியர் எந்த அறையில் அமர்ந்திருக்கிறார்?

பிள்ளையைச் சேர்ப்பதற்காகத் தொடக்கப் பள்ளியைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், கட்டடத்தையும் கழிப்பறையையும் பார்க்கின்றனர்; கட்டணத்தையும் வாகன வசதியையும் விசாரிக்கின்றனர். இவை தேவையானவையே. ஆனால், தலைமையாசிரியர் கடந்த வாரம் எத்தனை வகுப்பறைகளில் போய் அமர்ந்தார் என்று கேட்பவரை நான் இதுவரை கண்டதில்லை.

இக்கேள்விக்கு வலுவான காரணம் உண்டு. நியூசிலாந்துக் கல்வியாளர் விவியன் ராபின்சனும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளித் தலைவரின் எந்தப் பணி மாணவரின் கற்றலை மிகுதியாக உயர்த்துகிறது என்று ஆராய்ந்தது. இலக்கு வகுத்தல், வளங்களை ஒதுக்குதல், ஒழுங்கைப் பேணுதல் ஆகிய அனைத்தையும் விட, ஆசிரியர்கள் கற்கும் இடத்தில் தலைவரும் உடன் பங்கேற்பதே முதலிடம் பெற்றது. ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பிவைப்பது மட்டும் போதாது. தலைவரும் உடன் அமர வேண்டும்.

தமிழ்நாட்டில் அதற்கு நேரம் எங்கே? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஆசிரியர்களுக்கு மேலதிகமாகத் தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. அங்கே தலைமையாசிரியரும் நாள் முழுதும் பாடம் நடத்துகிறார். அதற்கிடையே எமிஸ் பதிவேற்றம், உணவுத் திட்டக் கணக்கு, பாடநூல் விநியோகம், வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்கும் படிவங்கள். பாடக்குறிப்பேட்டில் கையொப்பமிடுவதே மேற்பார்வை என்று சுருங்கிவிடுகிறது.

இழப்பு பிள்ளைக்குத்தான். 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்தது. ஒரே அறையில் மூன்று நிலையினருக்கும் ஒருவரே கற்பிப்பது எளிதன்று. மூன்றாம் வகுப்பிலும் அரும்பு நிலையிலேயே நிற்கும் பிள்ளை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும். குறிப்பேடு நிறைந்திருக்கும், ஒரு வரியைப் படிக்கச் சொன்னால் வாய் திறக்காது. கரும்பலகைக்கு முன் நிற்பவரின் கண்ணுக்கு இது எளிதில் தப்பிவிடும். பிள்ளையின் அருகில் அரை மணி நேரம் அமர்ந்திருக்கும் இரண்டாம் ஆசிரியருக்குத் தெரியும்.

“இது வேவு பார்ப்பது ஆகாதா?” என்று ஆசிரியர்கள் அஞ்சுவது நியாயமே. குறை எழுதும் குறிப்பேட்டுடன் நுழைந்தால் அப்படித்தான் ஆகும். தலைமையாசிரியர் முதலில் தம் வகுப்புக்கு மற்ற ஆசிரியரை அழைத்து, “என் பாடத்தில் எந்தப் பிள்ளை பின்தங்கியது, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்கட்டும். தாமும் பாடம் நடத்தும் சிறிய பள்ளித் தலைவருக்கு இந்த வாய்ப்பு இயல்பாகவே உண்டு.

நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளிகளின் தாளாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினிப் பதிவுக்கும் கணக்குக்கும் பகுதி நேர ஊழியர் ஒருவரை நியமியுங்கள். நுழைவாயிலில் வளைவு கட்ட நன்கொடை திரட்ட முடிகிற ஊரில் இதற்கும் திரட்ட முடியும். (வளைவில் பெயர் பொறிக்கலாம், ஊழியரின் சம்பளத்தில் பொறிக்க முடியாது என்பதே தடை போலும்!) விடுபடும் நேரத்தை வகுப்பறைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், வேறு கூட்டங்களுக்கு அழைக்காதீர்கள்.

பெற்றோர்களும் அடுத்த கூட்டத்தில் வண்ணப்பூச்சைப் பற்றிப் பேசுமுன் இரண்டைக் கேட்கலாம்: மூன்றாம் வகுப்பில் இன்னும் சரளமாக வாசிக்க இயலாதவர் எத்தனை பேர்? அவர்களுள் யார் யார் அருகில் தலைமையாசிரியர் இம்மாதம் அமர்ந்தார்?